நான் எழுதாத மெயில்

இங்கிலாந்திலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தபோது, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக எனக்கு மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. செல்போனில் இன்னும் பொத்தான்கள் இருந்த காலம். எங்கள் செட்டில் படித்தவர்கள் பாதிப்பேர் அதற்குள் வெளியே போய்விட்டார்கள். ஒருத்தி மஸ்கட்டில், இரண்டு பேர் பெங்களூரில், ஒருத்தி குவைத்துக்கு விசா வந்து காத்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த நாங்கள் எல்லோரும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தோம். டியூட்டி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த நெட் சென்டருக்குப் போய், கண்ணில் பட்ட ஏஜென்சிக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்புவோம்.

அந்த சென்டரில் பிளைவுட் தடுப்பு போட்டு எட்டு கம்ப்யூட்டர். கீபோர்டுகளில் ஏ, எஸ், இ மூன்றும் தேய்ந்து வெறும் கறுப்பாக இருக்கும். மலையிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கி வருகிற குடும்பங்கள் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்கு மெயில் அனுப்ப அங்கேதான் வருவார்கள். சென்டர்க்காரர் முப்பது வயதைத் தாண்டியவர். தமிழ், தெலுங்கு இரண்டும் பேசுவார். யார் மெயிலையும் எட்டிப் பார்க்காத மனுஷர்.

வேலை உத்தரவை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். மேலே கிரீடம் போட்ட முத்திரை. பெரிய ஆஸ்பத்திரியின் பெயர். சம்பளம், தங்குமிடம், வருஷத்துக்கு ஒரு முறை விமான டிக்கெட். பாஸ்போர்ட் நகலும் நர்சிங் சான்றிதழும் உடனே அனுப்ப வேண்டும், விசா செலவுக்குப் பணம் கட்ட வேண்டும், இந்த விஷயத்தை யாரிடமும் பேசக் கூடாது என்று போட்டிருந்தது.

ஒரு நிமிஷம் நம்பினது உண்மைதான். அப்புறம் இன்னொரு தரம் படித்தேன். ஊசி மருந்தை எடுத்தால் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் பார்க்காமல் சிரிஞ்சைத் தொட்டதில்லை. அதே கண்ணோடு பார்த்தேன். என்னை யாரும் இன்டர்வியூ எடுக்கவில்லை. இங்கிலீஷ் பரீட்சை எழுதாமல் அந்த நாட்டில் ஒரு நர்ஸையும் சேர்க்க மாட்டார்கள் என்பது எங்கள் ஹாஸ்டலுக்கே தெரியும். இவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியின் மெயில் முகவரி, நானும் நீங்களும் இலவசமாக ஆரம்பிக்கிற மாதிரி முகவரி. பணம் கட்ட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு இல்லை, வேறு ஏதோ நாட்டில் இருக்கிற ஒரு தனி ஆளுக்கு.

அழித்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாள் உடை மாற்றும் அறையில் அந்தக் கடிதத்தைப் படித்த மாதிரியே நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். "என்கிட்ட இந்த வேலையெல்லாம் நடக்காது" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாலு நாள் கழித்து இன்னொரு மெயில் வந்தது. அதில் கிரீடமும் இல்லை, சம்பளமும் இல்லை. உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இரண்டு நாளில் மூடப்படும், தொடர வேண்டுமானால் கீழே அழுத்தி பாஸ்வேர்டைப் போட்டு உறுதி செய்யுங்கள் என்று இருந்தது. கரன்ட் பில் மாதிரி ஒரு சலிப்பான மெயில். அழுத்தினேன். எப்போதும் பார்க்கிற அதே பக்கம் மாதிரிதான் தெரிந்தது. பாஸ்வேர்டைப் போட்டேன். வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது. சென்டரில் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, அரை மணிக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். ஆசை காட்டியவனைப் பிடித்த எனக்கு, அலுப்பூட்டியவனைப் பிடிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் காய்ச்சல். வார்டில் பெட் போதாமல் வராந்தாவிலும் நோயாளிகள். பத்துப் பன்னிரண்டு நாள் நெட் சென்டர் பக்கமே நான் போகவில்லை.

அப்போதுதான் அக்கா என்னைக் கட்டிப் பிடித்தாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட ஏழு வயது மூத்த ஸ்டாஃப் நர்ஸ், சித்தூர்க்காரி, இரண்டு பெண் குழந்தைகளின் அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் டாக்டர் என்னைத் திட்டினபோது குறுக்கே வந்து நின்றவள். போன வருஷம் ஆறு மாதம் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அப்போது நாங்கள் வாரம் தவறாமல் மெயில் எழுதிக்கொண்டோம், இங்கிலீஷ் எழுத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து. காலை ஷிஃப்டுக்கு நான் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருந்தே. ஆனா எத்தினி நாள்தான் வாயை மூடிக்கினு இருக்கிறது? விசா வந்துச்சாமே உனக்கு!"

"இன்னாக்கா சொல்றே? எந்த விசா?"

"நடிக்காதேம்மே. இங்கிலாந்து. அன்னிக்கு எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு, அப்பறம் நீயே விசாரிச்சு நெஜம்னு தெரிஞ்சிக்கினு பணம் கட்டிட்டேன்னு எழுதலையா? இன்னும் ரெண்டு எடம் காலி, உனக்காகச் சொல்லி வச்சிருக்கேன்னு எழுதலையா? நேத்தே பாஸ்போர்ட், சர்டிஃபிகேட் எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன். நாளைக்குப் பணம் கட்டணும்."

"அக்கா, நான் எழுதலை. சத்தியமா நான் எழுதலை."

அவள் கையை எடுத்தாள். முகம் மாறிற்று. "உன் பேர்லதானே வந்துச்சு? உன் மெயில்தானே? அக்கா, பாகுன்னாவா, நல்லாருக்கியான்னு ஆரம்பிச்சிருந்தே. குழந்தைங்களுக்கு முத்தம்னு முடிச்சிருந்தே. வேற யாரு அப்படி எழுதுவா எனக்கு?"

"அது தெரியலைக்கா. ஆனா நான் இல்லை. பணம் கட்டாதே."

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு எடம்தானே இருக்குது. வேற யாராவது வேணும்னு கேட்டாங்களா? சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

என்னைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவளுக்கு அந்த மெயிலில் இருந்த நான்தான் வேண்டியிருந்தது. எதிரே நின்ற நான் வேண்டியிருக்கவில்லை. அவள் வார்டுக்குப் போய்விட்டாள். அன்று காலை முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. டிரிப் பாட்டில் வேண்டும் என்பதைக்கூட ஆயாம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்.

இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தது. சாப்பிடாமல் சென்டருக்கு ஓடினேன். என் பாஸ்வேர்டைப் போட்டேன், தவறு என்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பார்த்தாயிற்று. தவறு, தவறு. சென்டர்க்காரரைக் கூப்பிட்டேன்.

"கடைசியா எப்ப திறந்தீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ஏதாவது வித்தியாசமா வந்துச்சா? பாஸ்வேர்டு கேட்டு?"

பெட்டி நிரம்பிவிட்டது என்று வந்த மெயிலைச் சொன்னேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பக்கம் அவங்க செஞ்சு வச்ச பக்கம்மா. நீங்க சாவியை அவங்க கையிலயே குடுத்துட்டீங்க. இப்ப உள்ள போயி பூட்டை மாத்திட்டாங்க" என்றார்.

கோபம் வந்தது. ஏமாற்றினவன்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. ஆனால் உட்கார்ந்து அழுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஒருவருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தால் முதலில் கையை வைத்து அழுத்த வேண்டும், ஏன் வெட்டிக்கொண்டான் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

"திரும்ப வாங்க வழி இருக்கா?" என்றேன்.

இருந்தது. பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஒரு ரகசியக் கேள்வி வரும். கணக்கு ஆரம்பிக்கும்போது நாமே தேர்ந்தெடுத்த கேள்வி. என்னுடையது திரையில் வந்தது: உங்கள் அம்மா பிறந்த ஊர் எது? பூட்டை மாற்றினவன் அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அம்மா பிறந்த ஊர் தெரியாதா? வரதய்யபாளையம். சத்தியவேட்டுப் பக்கம், இரண்டு எட்டு வைத்தால் தமிழ்நாடு. இங்கிலீஷில் அடித்தேன். தவறு என்றது.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இங்கிலீஷில் ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. நாங்கள் பாளையம் என்போம், மண்டல ஆபீஸில் பாலெம் என்பார்கள். பஸ் போர்டில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. நடுவில் வருகிற "ய்ய" வுக்கு ஐ போடுகிறவனும் உண்டு, இரண்டு ஒய் போடுகிறவனும் உண்டு, கடைசியில் ஒரு எச் சேர்க்கிறவனும் உண்டு. நான் எதைப் போட்டிருந்தேன்? இன்னும் நாலு விதமாக அடித்துப் பார்த்தேன். ஐந்தாவது தவறுக்குப் பிறகு, இருபத்துநாலு மணி நேரம் கழித்து வா என்று கதவை மூடிக்கொண்டது.

இருபத்துநாலு மணி நேரம் என்னால் காத்திருக்க முடியும். அக்காவின் பணம் காத்திருக்காது.

அவள் வீட்டுக்கே போனேன். ரேணிகுண்டா ரோட்டில், மாடியில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்கூட சென்டருக்கு வா. உன் மெயிலைத் திற. நான் அனுப்புனேன்னு சொல்றியே, அதை எனக்குக் காட்டு. அப்பறம் நீ நாளைக்குப் பணம் கட்டு, நான் குறுக்கே வர மாட்டேன்."

என்ன நினைத்தாளோ, புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

திரையில் என் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. திறந்தாள். முதல் வரி என்னுடையது. கடைசி வரி என்னுடையது. பெங்களூரில் அவள் இருந்தபோது நான் எழுதின பழைய மெயில்களிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்திருந்தார்கள். நடுவில் இருந்தது முழுக்க வழவழப்பான இங்கிலீஷ். "அக்கா, நான் உனக்கு இப்படி இங்கிலீஷ்ல எழுதியிருக்கேனா எப்பவாவது?"

"ஆபீஸ் விஷயம். அதனால நீ அப்படி எழுதியிருக்கேன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் இன்னும் பிடிவாதம்தான்.

அப்போது மேலே ஓரத்தில் தேதியும் நேரமும் என் கண்ணில் பட்டன. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு நாற்பது.

"அக்கா, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம்ம எங்கே இருந்தோம்?"

யோசித்தாள். "செவ்வாய்க்கிழமையா... ரெட்டைக் குழந்தை சிசேரியன்."

"எத்தினி மணிக்கு உள்ளே போனோம்?"

"ஒண்ணரைக்கு."

"எப்ப வெளியே வந்தோம்?"

"நாலுக்கு மேல. ரெண்டாவது குழந்தை அழவே இல்லை, நீதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அழாத அந்தக் குழந்தையைத் துணியில் வாங்கி முதுகைத் தேய்த்தது நான். பக்கத்தில் ஆக்ஸிஜன் பிடித்துக்கொண்டு நின்றது அவள். இரண்டு நாற்பதுக்கு என் இரண்டு கையிலும் கிளவுஸ்.

அவள் லேசில் விடுகிறவள் இல்லை. சென்டர்க்காரரைத் திரும்பிப் பார்த்து, "இதுல காட்டுறது நம்ம ஊர் நேரம்தானா?" என்று தெலுங்கில் கேட்டாள். அவர் பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அவளுக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பினார். வந்து விழுந்தது. அதிலிருந்த நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை.

"அவுனா, அப்படியா..." என்றாள். அவ்வளவுதான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் போயி சந்தேகப்பட்டேனே" என்றாள். அவளைத் தேற்ற நேரமில்லை. என் மெயிலில் இருந்த மற்றவர்களுக்கும் அந்தக் கடிதம் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் நானும் அவளும் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து, என் டைரியிலும் அவள் டைரியிலும் இருந்த நம்பர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டோம். "நான் இங்கிலாந்து போகலை. என் பேர்ல வர்ற மெயில் எதையும் நம்பாதே. எதுவும் அனுப்பாதே." இருபத்திரண்டு பேரிடம் இதையே சொன்னேன். நெல்லூரில் ஒருத்தி பாஸ்போர்ட் நகலை அனுப்ப எடுத்து வைத்திருந்தாள். மஸ்கட்டில் இருந்தவளுக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். அவள் சிரித்தாள். "நீ இங்கிலாந்து போனா முதல்ல எனக்குத்தான் போன் பண்ணுவே, மெயிலா எழுதுவே? அப்பவே குப்பையில போட்டுட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் சென்டருக்குப் போகும்போது பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று பிடிபட்டிருந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்த வாரம்தான் மெயில் கணக்கு ஆரம்பித்தேன். பிரசவத்துக்கு அம்மா தாய்வீட்டுக்குப் போனதால் நான் பிறந்ததும் அதே ஊர். பிறந்த இடம் என்று பாஸ்போர்ட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் அன்று அடித்திருப்பேன். திறந்து பார்த்தேன். நாங்கள் யாருமே எழுதாத எழுத்துக்கூட்டு, நடுவில் ஒரு ஐ, அப்புறம் ஏ, எச். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கதவு திறந்தது.

முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றினேன். பழையது என் ஸ்டாஃப் நம்பர், ஆஸ்பத்திரியில் பாதிப்பேருக்குத் தெரியும். புதியது ஒரு முழு வாக்கியம், யாரிடமும் சொல்லாதது. ரகசியக் கேள்விக்குப் பதிலையும் மாற்றினேன். அம்மா பிறந்த ஊரை அக்கம்பக்கத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்களே. இப்போது அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை என் அம்மா வேறு ஏதோ ஊரில் பிறந்தவள். எந்த ஊர் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அனுப்பிய மெயில்களைப் பார்த்தேன். முப்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் நான் வழக்கமாக எழுதுகிற முதல் வரி, கடைசி வரி. என் இரண்டு வருஷப் பேச்சையும் யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் படித்திருக்கிறார்கள். அந்த மெயில்களை நான் அழிக்கவில்லை. அழிக்காதீங்க, போலீஸுக்கு வேணும் என்று சென்டர்க்காரர் சொன்னதால் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தேன். போனில் சொல்லாமல் விட்டுப்போனவர்களுக்கு அங்கிருந்தே எச்சரித்து எழுதினேன்.

அக்காவும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நைனா, அதாவது என் அப்பா, பயப்படுவார் என்று ஊருக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் மனு எழுதி வாங்குகிற ஏட்டு பிரின்ட் அத்தனையும் பொறுமையாகப் பார்த்தார். "ஆளைப் பிடிப்போம்னு சொல்ல மாட்டேன்மா, எந்த தேசத்துல இருக்கானோ. ஆனா உங்க பேரைக் கெட்டதுக்கு உபயோகிச்சா இது உங்களைக் காப்பாத்தும்" என்று தெலுங்கில் சொல்லி மனுவில் சீல் போட்டுக் கொடுத்தார். அந்த நகலோடு, தன் பாஸ்போர்ட் நகல் மோசடி ஆட்களிடம் போய்விட்டது என்று அக்கா பாஸ்போர்ட் ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினாள். ஆளைப் பிடிக்கவில்லை. அக்கா பெயரில் எதுவும் நடக்கவும் இல்லை.

உடை மாற்றும் அறையில் நான் மறுபடியும் ஒரு நாள் எல்லோரையும் உட்கார வைத்தேன். இந்தத் தடவை நடிக்கவில்லை. ஏமாந்தது எப்படி என்று ஒன்று விடாமல் சொன்னேன். மேட்ரன்கூட வந்து நின்று கேட்டார். முடிந்ததும் இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டி நிரம்பிவிட்டது என்று தங்களுக்கும் வந்ததாகவும், தாங்களும் பாஸ்வேர்டைப் போட்டதாகவும் சொன்னார்கள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம். அன்றே சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய் இருவர் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து, குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னையில் நேரடி இன்டர்வியூ நடந்தது. அக்காவும் நானும் சப்தகிரி எக்ஸ்பிரஸில் போனோம். ஒரு மணி நேரம் மருந்து அளவு, பேறுகால அவசரம் என்று துளைத்தெடுத்தார்கள். கடைசியில், வெள்ளை முடியோடு இருந்த நர்சிங் சூப்பிரண்டென்ட் அம்மா, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

அக்கா கேட்டாள். "மேடம், உங்க ஆஸ்பத்திரி நம்பரை நாங்களே தேடிக் கண்டுபிடிச்சு, போன் பண்ணி விசாரிக்கலாமா?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "தாராளமா. என் பேரைச் சொல்லி நான் இருக்கேனான்னு கேளுங்க" என்றார்.

நேராக ஒரு நெட் சென்டருக்குப் போய் ஆஸ்பத்திரியின் சொந்தப் பக்கத்திலிருந்து நம்பர் எடுத்தோம். பக்கத்து பூத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். அரபி வாடை அடிக்கிற இங்கிலீஷில் ஒரு பெண் பேசினாள். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். "ஆள் இல்லையாம்மே. ஆளெடுக்க இந்தியா போயிருக்காங்களாம். மெட்ராஸுக்கு!"

அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அனுபவம் இரண்டு வருஷம் குறைகிறது என்றார்கள். அடுத்த தடவை போனேன், கிடைத்தது. அதற்குள் அவள் அங்கே போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விசா வந்ததும் அவளுக்குப் போன் செய்து என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "காரம் இல்லாமத் துன்னு துன்னு நாக்கு செத்துப்போச்சு. மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ, எங்க வீட்டு அரைப்புதான் வேணும்" என்றாள். சித்தூருக்குப் போய் அவள் அம்மா கையால் வாங்கி, துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.